சிவப்புச் சீட்டு கட்டிய பறவை

1

இந்த மாதத்தோடு நான் கோலாலம்பூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து பேசுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது, "அங்கே உனக்கு என்னதான்பா வேலை?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் சில வருடங்கள் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். இப்போதெல்லாம், "செத்த பறவைக்குக் காலில் சீட்டுக் கட்டுகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். சிரித்துவிட்டு, எப்போது ஊருக்கு வருகிறாய் என்ற அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் வராத ஒரு மாடி இருக்கிறது. அங்கே இரும்பு அலமாரிகள், அலமாரிக்குள் இழுப்பறைகள், இழுப்பறைக்குள் வரிசையாக மல்லாந்து கிடக்கும் பறவைகள். சதையை எடுத்துவிட்டுப் பஞ்சு அடைத்த தோல்கள் அவை. கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டில் ஒரு சீட்டு. எங்கே பிடித்தது, யார் பிடித்தது, என்றைக்கு, என்ன அளவு என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான். சீட்டு இல்லாத பறவை எங்களுக்கு வெறும் இறகு.

இவற்றில் சிலவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிவப்புச் சீட்டு உண்டு. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயரை ஒரே ஓர் உடலோடு கட்டிப்போட வேண்டும். நாளைக்கு இரண்டு இனம் கலந்துபோய், இந்தப் பெயர் எதற்குச் சொந்தம் என்று சண்டை வந்தால் அந்த உடலை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் மூலமாதிரி. அந்தக் காலத்துத் துரைமார்கள் இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூன்று பறவையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பெயரை வைத்துவிட்டு, மூன்றில் எது என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இதுதான் என்று அச்சில் அறிவிப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. அறிவித்த பிறகு மனசு மாறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. தேர்ந்தெடுத்த பறவை அந்த மூன்றில் ஒன்றே இல்லை என்று பின்னால் தெரியவந்தால் தேர்வு செல்லாது.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் அப்படி ஒரு தேர்வு செய்தேன். மலைக்காட்டுத் தரையில் ஓடித் திரியும் பழுப்பு நிறச் சிலம்பன், உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்தத் தேர்வு செல்லாது என்று இந்த வருடம் தெரிந்தது.

2

கண்டுபிடித்தது மார்த்தா. ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் சிலம்பன்களைப் பார்ப்பதற்கு ஒரு மாத அனுமதியில் வந்திருந்தார். காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். நான்தான் வற்புறுத்தி வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போவேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் கையில் இறக்கை அளக்கும் கோலோடு என் மேசைக்கு வந்தார்.

"உங்கள் மூலமாதிரியின் இறக்கை அறுபத்தாறு மில்லிமீட்டர்" என்றார். "நீங்கள் எழுபத்திரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள்."

"சீட்டில் எழுபத்திரண்டு என்றுதான் இருக்கிறது."

"சீட்டில் இருக்கிறது. பறவையில் இல்லை."

ஒன்பது வருடத்துக்கு முன் நான் அந்தப் பறவையை அளக்கவே இல்லை. பிடித்தவர் சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். எங்கள் தொழிலில் இது ரயிலில் டிக்கெட் எடுக்காமல் போவது மாதிரி. பலரும் செய்வார்கள், மாட்டினால் ஒருவரும் கூட நிற்க மாட்டார்கள்.

மார்த்தா அதற்குள் மீதியையும் கண்டுபிடித்திருந்தார். அறுபத்தாறு என்பது கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் இருக்கும் சிலம்பனின் அளவு. தீவுப் பறவைகள் கிடக்கும் அடுத்த இழுப்பறையில் ஒன்றின் இறக்கை மட்டும் எழுபத்திரண்டு. ஆக, இரண்டு பறவைகளின் சீட்டுகளும் எப்போதோ இடம் மாறியிருக்கின்றன. மலையில் பிடித்த பறவையின் சீட்டு தீவுப் பறவையின் காலில். நான் அதற்குப் போய்ச் சிவப்புச் சீட்டும் கட்டி, உலகத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டேன்.

"பழைய தொழில்நுட்ப உதவியாளர் யாராவது மாற்றிக் கட்டியிருப்பார்" என்றார் மார்த்தா. "எல்லா இடத்திலும் நடப்பதுதான். நாம் இருவரும் சேர்ந்து ஒரு திருத்தக் குறிப்பு எழுதிவிடலாம். மீதி இரண்டு பறவையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்."

சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு அந்தத் தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். மலைப் பறவைகள் இரண்டில் பழைய பருத்தி நூல், இறுக்கமான இரட்டை முடிச்சு. சிவப்புச் சீட்டுப் பறவையில் மட்டும், சிவப்புச் சீட்டில் மட்டுமல்ல, பிடித்தவரின் பழைய சீட்டிலும் வேறு முடிச்சு. விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, காலுக்கு அடியில் கொடுத்து, மடித்து இழுத்த முடிச்சு. பூ கட்டுகிற முடிச்சு.

எங்கள் வீடு நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்த வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஐந்து முழம் கனகாம்பரம் கட்டிவிட்டுத்தான் விளையாடப் போக வேண்டும். நூல் கையில் கிடைத்தால் இன்றைக்கும் என் விரல் அப்படித்தான் போகும். அந்த மாடியில் அப்படிக் கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

3

பிறகு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வந்த முதல் வருடம். தீபாவளி விடுமுறை முடிந்து நான் மட்டும் முதலில் வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஏர்கான் ஒழுகி, மலைச் சிலம்பன்களையும் தீவுச் சிலம்பன்களையும் ஒன்றாகத் திறந்து வைத்திருந்த ஒரு தட்டு நனைந்துபோயிருந்தது. இற்றுப்போன நூல்கள் அறுந்து, இரண்டு சீட்டுகள் தட்டின் அடியில் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சீட்டை ஓர் உறையில் போட்டு, 'அறுந்து கிடந்தது' என்று தேதியோடு எழுதி, பறவைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். எந்தச் சீட்டு எதற்கு என்று எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் கட்டக் கூடாது.

நான் கட்டினேன். எது எதற்குப் பக்கத்தில் கிடந்ததோ அதற்கே கட்டினேன். மதியம் இயக்குநர் வருவதாக இருந்தது. புதிதாக வந்தவன் கையில் தட்டு அலங்கோலமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுவாரம் மறந்தும் போனேன்.

அப்போது அந்த மாடிக்குப் பொறுப்பாக இருந்தவர் முனுசாமி அண்ணன். தோலுரித்து, பஞ்சு அடைத்து, சீட்டுக் கட்டும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். அவர் அப்பா ரயில்வேயில் சரளைக்கல் கொட்டியவர். மாடியில் மலாயும் ஆங்கிலமும்தான் பேச்சு. நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தமிழ், அதிலும் அவ்வப்போது வாக்கியக் கடைசியில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். என்னை 'ஊர்க்காரர்' என்று கேலி செய்வார். முதல் மாதம் பாதுகாவலர் ஒருவர் மலாயில் 'டுடுக் மானா' என்று கேட்டபோது, உட்காருமிடத்தைக் கேட்கிறார் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். எங்கே குடியிருக்கிறாய் என்று அர்த்தமாம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் சிரித்தார் அண்ணன்.

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "என் கையில ஒரு சீட்டுகூட மாறுனது இல்ல தம்பி. எத்தன ஆயிரம் பறவ! ஒண்ணுகூட இல்ல."

அவர் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. மார்த்தா சொன்ன 'பழைய தொழில்நுட்ப உதவியாளர்' அவர்தான். வேறு யாரும் இருந்ததில்லை.

4

இந்த இடத்தில் என் வேலை ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருடம் போக, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் அது. இயக்குநர் புவான் ரோஹானா பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் வேலை அனுமதி, அது இருந்தால்தான் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி. இந்த முறை கடிதத்துக்குச் சரியாக இரண்டு மாதம் இருந்தது. மகள் கயல் ஐந்தாம் படிவத்தில், வருடக் கடைசியில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள்.

கயல் இங்கே வந்தபோது கைக்குழந்தை. இப்போது என்னிடம் அவள் தமிழ் பேசுவது சாப்பாட்டு விஷயத்துக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் ஆங்கிலம், தோழிகளோடு மலாய். ஊரிலிருந்து அவள் அத்தை போனில் கூப்பிட்டால் கையை ஆட்டிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கோபப்பட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், விட்டுவிட்டேன். படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற கட்டம் வரும்போதெல்லாம் நாங்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் என்றுதான் எழுதுகிறாள். அதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

மார்த்தா திருத்தக் குறிப்பின் முதல் வடிவத்தை அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம். நடுவில் ஒரு வரி: சீட்டுகளை இடம் மாற்றியவர் அநேகமாக முன்னாள் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கலாம். அந்த வரியை அப்படியே விட்டால் எனக்கு ஒரு கேடும் இல்லை. அளக்காமல் விட்டதற்குக் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும், அவ்வளவுதான். அந்த வரியை மாற்றினால், சேகரிப்பைப் பாதுகாக்க வேண்டியவனே சீட்டை மாற்றிக் கட்டினான், பதினைந்து வருடம் வாயே திறக்கவில்லை என்று ஆகும். கடிதம் வருமா என்பது சந்தேகம்.

ஒரு வாரம் அந்தக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

5

ஒரு சனிக்கிழமை கொமுட்டர் ரயிலேறி கிள்ளான் போய், அங்கிருந்து பண்டமாரான் போனேன். முனுசாமி அண்ணன் வீட்டு வாசலில் மகனுடைய லோரி நின்றது. அண்ணன் பனியனோடு உட்கார்ந்து மீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஊர்க்காரரே! பசியாறியாச்சா?"

"ஆச்சுண்ணே."

"பொய் சொல்லாதிங்கலா. மூஞ்சியே சொல்லுது." உள்ளே பார்த்து, "தம்பி வந்துருக்காரு, ரெண்டு தோசை போடு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

தோசையைத் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். சிவப்புச் சீட்டு, இறக்கை அளவு, அடுத்த இழுப்பறை, மார்த்தாவின் வரி. முடிச்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நான் கட்டுனது இல்ல."

"தெரியும்ணே."

"இது பூக்காரி முடிச்சுலா" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டுப் பூ வியாபாரம் அவருக்குத் தெரியும்.

தொட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வெள்ளக்காரம்மாவுக்கு எப்படி நிச்சயமா தெரியும், எறக்க அளவ வச்சு மட்டுமா?"

"ஆமாண்ணே. ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது என்று அவருக்கும் கொஞ்சம் தயக்கம்தான்."

"வயித்துத் தையல லேசா பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. மலையில புடிச்சதுக்கெல்லாம் இலவம் பஞ்சு அடைச்சிருப்பாங்க. தீவுல பஞ்சுக்கு எங்க போறது? தேங்கா நாரத்தான் அடைச்சாங்க. நான் பழைய தோலு எத்தன பிரிச்சுத் தச்சிருக்கேன். செவப்புச் சீட்டுக்காரன் வயித்துல நாருதான் இருக்கும், பாருங்க."

இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கையால் பிரித்துத் தைத்தவருக்கு மட்டும் தெரிந்தது.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "தம்பி, என் பேரையே போட்ருங்க. எனக்கு என்னா போவுது? பென்ஷன் பாட்டுக்கு வந்துகிட்டு இருக்கு. உங்களுக்குத்தான் பொம்பளப் புள்ள படிக்கிது."

"உங்கள் கையில் ஒரு சீட்டும் மாறினதில்லை என்று சொல்வீர்களே அண்ணே."

"சொன்னேன். அத யாரு எழுதி வச்சா? பேரப் போடுங்க, முனுசாமின்னு. நான் ஒண்ணும் சண்டைக்கு வர மாட்டேன்."

ரயிலில் வரும் வழியெல்லாம் மனசு கனத்துப் போயிருந்தது. எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

6

திங்கட்கிழமை மார்த்தாவும் நானும் சிவப்புச் சீட்டுப் பறவையின் வயிற்றுத் தையலில் இரண்டே இரண்டு இழையைத் தளர்த்திப் பார்த்தோம். உள்ளே தேங்காய் நார். எழுபத்திரண்டு மில்லிமீட்டர் பறவையின் வயிற்றில் இலவம் பஞ்சு. மார்த்தா சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார்.

"சீட்டு மாறிய பத்தியை நானே எழுதித் தருகிறேன்" என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலம் சரியா பார் என்று கயலிடம் கொடுத்தேன். என்னதான் விலகிப் போனாலும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவள் மறுப்பதில்லை. நின்றுகொண்டே படித்துவிட்டு, வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பா, ஒரு ஆளு மாத்திட்டாருன்னு இருக்கு. யாரு பா?"

"நான்தான்."

வீட்டில் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி குழாயை மூடிவிட்டாள்.

"அப்ப 'நான்'னு போட வேண்டியதுதானே, சிம்பிள் லா" என்றாள் கயல்.

"போட்டால் கடிதம் வராமல் போகலாம். கடிதம் வரவில்லை என்றால் நாம் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்."

அவள் காகிதத்தை மேசையில் வைத்தாள். "எனக்கு அங்க யாரையும் தெரியாதே பா" என்றாள். அதை மட்டும் சுத்தமான தமிழில் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பி வந்தாள். "போடலன்னா அந்த அங்கிள் பண்ண மாதிரிதானே ஆகும்? பண்டமாரான் அங்கிள்?"

"ஆமாம்."

"அது பாவம் லா."

சாந்தி எட்டிப் பார்த்து, "எழுதுங்க, ஆகுறது ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாள். எழுதினேன்: இரு ஆசிரியர்களில் இரண்டாமவர், தம் பணியின் முதல் வருடத்தில், அறுந்த இரண்டு சீட்டுகளை விதிக்கு மாறாகத் தாமே கட்டினார்; அப்போது அவை இடம் மாறின. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை புவான் ரோஹானாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு மலாயில் ஒரு சம்பவ அறிக்கைப் படிவத்தை நீட்டினார், மூன்று பிரதி. 'சம்பவம் நடந்த நேரம்' என்ற கட்டத்தில் பதினைந்து வருடத்துக்கு முன் என்று எழுதினேன். 'உடனடியாக எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டேன். படிவத்தை வாங்கிப் படித்தவர், அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மூன்று வருடத்துக்கு வர வேண்டிய கடிதம் ஒரு வருடத்துக்கு வந்தது. எஸ்.பி.எம்.முக்கு அது போதும். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு நியாயமும் இல்லை.

7

குறிப்பு அச்சில் வந்தது. பழைய தேர்வு செல்லாது, மீதி இரண்டில் ஒன்று இனி மூலமாதிரி. சிவப்புச் சீட்டை அவிழ்த்து, இந்த முறை இரட்டை முடிச்சாகவே கட்டினேன். இடம் மாறிய இரண்டு சீட்டுகளையும் தனித்தனி உறையில் போட்டு, நடந்ததை எழுதி, பறவைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பண்டமாரான் போனேன். உண்மையைச் சொல்வதானால் கொஞ்சம் பெருமையோடுதான் போனேன். ஒருவர் தலையில் விழ இருந்த பழியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டவன் இல்லையா! அண்ணனும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, முன்கூடத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். நான் எழுதிய வரி வந்ததும் நிறுத்தி, தலையை ஆட்டினார்.

"எழுதிட்டீங்களா. துணிச்சல்தான்."

"உங்கள் மேல் ஒரு துளி பழி இல்லை அண்ணே."

"ம்."

மறுபடியும் விரல் நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் தேங்காய் நாரைப் பற்றிய வரியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. 'அடைத்த பொருளை ஆராய்ந்ததில்' என்று தொடங்கியிருந்தேன். பிறகு கடைசிப் பத்தி, நன்றி. அதில் ஏழு பெயர்கள். மார்த்தாவுக்குப் பயணச் செலவு தந்த நிறுவனம், அனுமதி தந்த அலுவலகம், புவான் ரோஹானா, படம் எடுத்துக் கொடுத்தவர், இன்னும் மூவர். விரல் அந்த ஏழு பெயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுக் காகிதத்தின் அடிவரை வந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயரைப் பழியிலிருந்து எடுப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன். வேறு எங்காவது அது வர வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாரைப் பற்றிச் சொன்னது யார் என்று மார்த்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அச்சிட்டதை இனி மாற்றவும் முடியாது.

"அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்லலா" என்றார். காகிதத்தை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. மழை வருமா என்று பார்ப்பவர் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முப்பத்தோரு வருசம் தம்பி. நீங்க நான் சொன்னபடி போட்டிருந்தா, தப்பாவாச்சும் ஒரு தடவ பேரு வந்துருக்கும்."